ஐந்து ஒன்பது கொடுக்காத சாச்சி

ரேடியோவில் பொய் சொல்வதைப்போலச் சுலபமான வேலை வேறில்லை. அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் எடுத்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அது பழகிவிடும். எங்கோ ஒரு ஊரில் இருப்பவர் உங்களைக் கூப்பிட்டு, தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேட்பார். நீங்கள் இரண்டு இலக்கத்தில் பதில் சொல்ல வேண்டும். பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பது முதல் இலக்கம், அதற்கு உச்சம் ஐந்து. சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது இரண்டாவது, அதற்கு உச்சம் ஒன்பது. ஆகவே எல்லோரும் எல்லோருக்கும் 'ஃபைவ் நைன்' கொடுத்துவிடுவார்கள். இரைச்சலுக்குள் ஒரு சொல்கூட விளங்காவிட்டாலும் ஃபைவ் நைன்தான். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யார்தான் உப்பில்லை என்று சொல்லப்போகிறார்கள்?

சாச்சி சொல்வார்.

அவர் என் கூட்டாளி நஸீரின் உம்மா; எனக்குச் சாச்சி, சின்னம்மா முறை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களுக்கென்று மதுரங்குளிப் பக்கம் ஒரு குடியிருப்பு இருந்தது. தகரக் கூரைகள் மெல்ல மெல்ல ஓட்டுக் கூரைகளாகிக்கொண்டிருந்த இடம். அங்கே இருந்தார்கள். நான் கற்பிட்டிக்காரன். யுத்தம் முடிந்து சில வருசமாகியிருந்தது. நானும் நஸீரும் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, கம்பஸ் திறக்கும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த காலம். கையில் ஆளுக்கொரு ரேடியோ செட். தலைக்குள் ஓயாத மின்சாரம்.

நாங்கள் செட்டைச் சோதித்துப் பார்க்கும்போது ஒருவன் சந்தியில் நிற்பான், மற்றவன் வீட்டில். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாமல் சாச்சிதான் செட்டை எடுத்தார். "கேக்குதா, கேக்குதா?" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். "கேக்குது மகன். ஆனா நடுவுல ரெண்டு இடத்துல அறுந்து போச்சி. அதுக்குள்ள என்ன சொன்னீங்க?" என்றார். அதற்குள் நான் ஒன்றும் முக்கியமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அறுந்த இடம் இரண்டு என்று கணக்கு வைத்த ஒருவரை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். லைசன்ஸ் பரீட்சை எழுதுங்கள் சாச்சி என்று பின்னால் திரிந்து எழுதவைத்தோம். முதல் தரம் சரிவரவில்லை. இரண்டாம் தரம் பாஸ்.

நெடுவலான, மெலிந்த மனுசி. வாயில் எப்போதும் ஒரு கராம்பு. செட்டை எடுத்தால் எல்லோரையும்போல வாய்க்குக் கொண்டுபோகமாட்டார், முதலில் காதுக்கு. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, செட்டை அதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் முடித்த பிறகும் கொஞ்சம் பொறுப்பார். இன்னும் ஏதாவது வருமோ என்று.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாடு முழுக்க இருக்கிற ஆட்கள் ஒன்றாய்ச் சேர்கிற ஒரு வட்டம் ரேடியோவில் கூடும். அதில் கொழும்பு சேர் ஒருவர் இருந்தார். வீட்டுக் கூரையில் கோபுரம், மேசையில் விலை உயர்ந்த செட், இளையவர்களுக்கு அன்பாக உதவுகிறவர் என்ற பெயர். அவர் கேட்டதும் ஒவ்வொருவராக ஃபைவ் நைன், ஃபைவ் நைன் என்று கொடுத்துக்கொண்டே வந்தார்கள். சாச்சியின் முறை வந்தது. சிங்களத்தில் சொன்னார்: "சேர், மூன்று, நான்கு. சொன்னதில் பாதி விளங்கவில்லை."

சேர் இன்னொரு தரம், இந்த முறை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இப்பவும் அதேதான் சேர்," என்றார் சாச்சி.

நஸீர் தலையில் கைவைத்துக்கொண்டான். "உம்மா, அந்த மனிசன் எங்களுக்கு ஒரு அன்டெனா தாறெண்டு சொல்லியிருந்தவர்."

"தரட்டும் வாப்பா. அத மாட்டினா நல்லாக் கேக்கும்தானே. அப்ப கூட்டிக் குடுப்பம்." மகனையும் தகப்பனைப்போல வாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அன்டெனா வரவில்லை.

எங்களுக்கு அப்போது இன்னொரு பைத்தியமும் இருந்தது. ஜியோகேஷிங். யாராவது ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை இன்டர்நெட்டில் போடுவார். கூடவே ஒரு சின்னத் துப்பு. மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேடிப் பிடித்து, கிடைத்தது, கிடைக்கவில்லை என்று பதிந்துவைப்பார்கள். பெட்டிக்குள் பெறுமதியான எதுவும் இருக்காது. டொல்பின் பார்க்கவும் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கவும் வருகிற வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் அங்கங்கே சில பெட்டிகளை ஒளித்துவிட்டுப் போயிருந்தார்கள். மணல்மேட்டுக்கு அந்தப்பக்கம் ஃபோன் சிக்னல் செத்துவிடும். அங்கேதான் எங்கள் செட்டுக்கு வேலை. ஒருவன் பெட்டியைத் தேடிப் பற்றைக்குள் போவான், மற்றவன் மேட்டில் வரைபடத்தோடு நிற்பான். "இன்னும் கொஞ்சம் தெக்க போ. அது மாட்டுச் சாணி, அத விடு." எனக்கு அதைவிடச் சொர்க்கம் வேறு இருக்கவில்லை.

சாச்சியும் வரத் தொடங்கினார். வீட்டில் இருந்தால் நெஞ்சு அடைக்கிறதாம் என்று நஸீர் சொன்னான். முதல் நாளே ஜிபிஎஸ்ஸைக் கையில் வாங்கி அதன் சின்னத் திரையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, என்னிடம் கேட்டார்:

"மகன், இந்த நம்பர் ஒண்டும் இல்லாம, ஒராள் வாயால சொன்ன அடையாளத்த வச்சு இடத்தக் கண்டுபிடிக்கேலுமா?"

"அடையாளம் சரியெண்டா ஏலும் சாச்சி."

"சரியான அடையாளம்தான்," என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்குப் பெட்டி அவசரம்.

அன்று களப்போரம், ஒரு இடிந்த உப்புக் கொட்டிலின் பக்கத்தில் தேடினோம். கருவி இங்கேதான் என்கிறது. கல்லைப் புரட்டினோம், வேரைக் கிளப்பினோம். கடைசியில் நான் ஒரு கறுப்பு டேப் துண்டைக் கண்டெடுத்தேன். பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்தான், சந்தேகமில்லை. யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

"கிடைச்சதெண்டு போட்டுடுவம் சாச்சி. இடம் இதுதானே. டேப்பும் கிடக்கு."

"பெட்டி கிடைச்சதா மகன்?"

"இல்ல. ஆனா இஞ்சதான் இருந்திரிக்கி."

"இருந்தது வேற, கிடைச்சது வேற. கிடைக்கல்ல எண்டு போடுங்க."

"உம்மாவக் கூட்டித் திரிஞ்சா இந்த ஆட்டத்துல லங்காவிலேயே நாமதான் கடைசி," என்றான் நஸீர்.

திரும்பும் வழியில் நேவிக்காரர் இருவர் மறித்தார்கள். இரண்டு பொடியன்கள், ஒரு முக்காட்டுப் பெண், கையில் ரேடியோ செட். அந்தக் கரையில், அந்தக் காலத்தில். "மொனவத ஹொயன்னே?" என்று கேட்டார் மூத்தவர். என்ன தேடுகிறீர்கள்? நான் முந்திக்கொண்டு செய்மதி, அகலாங்கு, உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்று சிங்களத்தில் கொட்டத் தொடங்கினேன். நான் கொட்டக் கொட்ட அவர்களின் முகம் இறுகிக்கொண்டே போனது. சாச்சி என்னைக் கையால் ஒதுக்கினார். "வெள்ளைக்காரர் விளையாட்டுக்கு ஒரு பெட்டி ஒளித்தார்கள். இந்தப் பிள்ளைகள் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை."

"பெட்டிக்குள்ளே என்ன?"

"தெரியாது. கிடைச்சாத்தானே."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். லைசன்ஸைப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் அம்மே என்றார் இளையவர், பகிடியாக. பிறகு ஒரு மாரிக்கு அதே பெட்டி, வெள்ளம் உருட்டிக்கொண்டுபோய்ப் போட்ட ஒரு மதகுக்குள் கிடைத்தது. சாச்சி பஸ்ஸை நிற்பாட்டி இறங்கி, நேவிக் காவலரணுக்கு நடந்துபோய், கிடைத்துவிட்டது என்றும் உள்ளே இருந்தது ஒரு பிளாஸ்டிக் தவளை என்றும் சொல்லிவிட்டு வந்தார். காவலில் நின்றது வேறு ஆள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதெல்லாம் சிரிப்பான கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ரேடியோவுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன், கைபேசி எல்லோர் கையிலும் வராத காலம், சாச்சி புத்தளம் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற கோல்களை எடுத்து, உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கிற கடை. காது மந்தமான ஒரு பெண் வருவாராம். அவரின் மகள் குவைத்தில் வீட்டு வேலை. தாய்க்குக் கேட்காதென்பதால் சாச்சிதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மகள் குவைத்திலிருந்து கோல் எடுத்தாள். "என்னவாம்?" என்று தாய் கேட்டார்.

சாச்சி சொன்னது: "நல்லா இரிக்கன் எண்டு சொல்றா. ஆனா அழுறா."

"அழுறாவா? என்னத்துக்கு?"

"அது சொல்லல்ல."

தாய் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி, நல்லா இரிக்கிறாவெண்டு மட்டும் சொன்னால் உன் வாய் தேய்ந்துவிடுமா என்று ஏசிவிட்டுப் போனவர், அடுத்த மாதத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகத் தொடங்கினார். அந்தக் கடைப் பொடியன் எல்லாவற்றையும் நல்லாச் சொல்வானாம்.

"நீங்க சொல்லாம விட்டிருக்கலாமே சாச்சி," என்றேன் நான்.

"அந்தப் புள்ள அழுதத நான் ஒராள்தான் கேட்டன் மகன். நானும் கேக்கல்ல எண்டா, அவ அழவே இல்ல எண்டாயிடும்."

அந்த மகள் பிறகு என்ன ஆனாள் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

சாச்சியை அவ்வளவு தூரம் அறிந்த பிறகும் அவர் எங்களோடு ஏன் பற்றை பற்றையாகத் திரிகிறார் என்று எனக்கு விளங்கியதில்லை. மன்னாருக்குத் திரும்பிப் போகிற கதை வந்தபோதுதான் விளங்கியது.

முசலிப் பக்கம் அவர்களின் காணியில் காடு ஏறிப்போயிருந்தது. போய்த் துப்பரவாக்கி, ஒரு கொட்டிலாவது போட்டு இருந்தால்தான் காணி தங்கும் என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நஸீர் சாமான் கட்டத் தொடங்கியிருந்தான். நான் உதவிக்குப் போயிருந்தேன். சாச்சி மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை.

"நீங்க போங்க வாப்பா. நான் பிறகு வாறன்."

"எப்ப பிறகு? நாலு மாசமா இதத்தானே சொல்றீங்க. இஞ்ச என்ன இரிக்கி உங்களுக்கு?"

"உங்கட ராத்தா இரிக்கா."

நஸீருக்கு ஒரு ராத்தா, மூத்த சகோதரி, இருந்த விசயம் எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும், ஆனால் பிறக்கமுன் போன ஒரு சொல்லாகத்தான் தெரியும். அன்று சாச்சி என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவர்களின் ஆட்கள் வல்லத்தில் ஏறிக் கடலால் வந்தவர்கள். மழை. பிள்ளைக்குப் பால்குடி மாறவில்லை. வழியில் காய்ச்சல் கண்டு, கரை தெரிகிற நேரத்தில் மவுத்தாகிவிட்டது. எங்கள் கற்பிட்டிக்குக் கிட்ட, கண்டக்குழிப் பக்கம் கரையேறினார்கள்.

"நான் போகல்ல மகன். பொம்பளைகள் கபுறடிக்குப் போறல்லத்தானே. தென்னங்கீழ பொம்பளைகளோட இரிந்தன். இவன்ட வாப்பா வந்து பிள்ளையத் தாங்க எண்டார். குடுத்தன். விடிஞ்சி வரக்குள்ள ஆம்பிளைகள் அடக்கிட்டு வந்திட்டாங்க."

தலைமாட்டில் நட மீசான் கல்லுக்கு எங்கே போவது? உடைந்த துடுப்புத் துண்டு ஒன்றை நட்டார்களாம். அடுத்த வாரகன் காற்றுக் காலம்தான் அதைக் கொண்டுபோயிருக்கும். ஆனால் நஸீரின் வாப்பா கடற்றொழில்காரர். கடலுக்குள் வலை போட்ட இடத்தை மறக்காமலிருக்க அவர்கள் செய்வதையே கரையிலும் செய்திருந்தார். கரையில் தெரிகிற இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேரில் வரவிட்டால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் வேறு இரண்டு பொருளில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம்தான் இடம். அவர் சொன்னதைச் சாச்சி சொல் பிசகாமல் சொன்னார்:

"கடலுக்கு முதுகு காட்டி நில்லு. பள்ளி மினாரா பின்னால நிக்கிற தண்ணித்தாங்கிய மறைக்கணும். அப்பிடியே வடக்க திரும்பு. மாதா கோயில் சிலுவை ஐஸ் ஃபெக்டரி முகட்டுல குந்தியிரிக்கிற மாதிரித் தெரியணும். ரெண்டும் ஒண்டா சரி வந்திச்செண்டா, பிள்ளை உன்ட காலடியில."

நஸீரின் வாப்பா ஒரு நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே, நெஞ்சு வலியில் மவுத்தாகிவிட்டார். பிறகு பெண்ணொருத்தி தனியாக எங்கே தேடுவது?

"ஒரு சலாம் சொல்லிட்டு வரத்தான் கேக்கன். சலாம் சொல்லாம எப்பிடிப் பிள்ளைய விட்டுட்டுப் போற? எங்க விட்டன் எண்டாவது தெரியணுமே."

எனக்குத் தலைக்குள் மின்சாரம் ஏறிவிட்டது. இரண்டு கோடு, ஒரு புள்ளி. உலகத்தில் எந்தப் பெட்டிக்கும் யாரும் இவ்வளவு திறமான துப்பு எழுதியதில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். சாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எந்தக் கருவிகளைக் கொண்டுபோவதென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கண்டக்குழிக்குப் போய்ப் பார்த்தால் நான்கு பொருளும் நின்றன. பள்ளி, தண்ணீர்த் தாங்கி, மாதா கோயில், கைவிட்ட ஐஸ் ஃபெக்டரி. ஆனால் கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. இடையில் சவுக்கு வளர்ந்து, வீடுகள் எழும்பி, லொட்ஜ்காரன் வேலி அடைத்து, எல்லாம் மறைந்துபோயிருந்தது. கீழிருந்து மேலே பார்க்க முடியாவிட்டால் மேலிருந்து கீழே பார்ப்போம் என்று திட்டம் போட்டேன். நான் மினாராவில். நஸீர் ஐஸ் ஃபெக்டரிக் கூரையில். சாச்சி ஒரு சிவப்புக் குடையோடு கரையில். மூன்று பேர் கையிலும் செட். அவரவர் கோட்டை அவரவர் பார்த்து, சாச்சியை அங்காலும் இங்காலும் நகர்த்துவது.

பள்ளி மோதினார், பாங்கு சொல்கிறவர், நல்ல மனிசன். விசயத்தைச் சொன்னதும் மினாராவின் கதவைத் திறந்து, தானும் மூச்சு வாங்க வாங்க என்னோடு ஏறி வந்தார். மேலே நல்ல காற்று. பின்னால் தாங்கி, முன்னால் கடல், இடையில் ஒரு சிவப்புப் புள்ளி.

"சாச்சி, இடக்கைப் பக்கம் வாங்க. இன்னும். இன்னும். நில்லுங்க. எனக்குச் சரி."

"உம்மா, எனக்குச் சரியில்ல," என்றது நஸீரின் குரல். "கடல விட்டு உள்ளுக்குப் போங்க. கரைப் பக்கமா. வேலிய ஒட்டி. நில்லுங்க."

"இப்ப இங்க இடக்கை கொஞ்சம் சாச்சி."

"தாழம்பத்தைக்குள்ள மகன். முள்ளு."

"அதுக்குள்ளதான். நில்லுங்க. நஸீர்?"

"சரி வந்திட்டுது," என்றான் நஸீர். "ரெண்டும் சரி உம்மா. அதுதான்."

நான் மினாராவில் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன். சிவப்புக் குடை அசையாமல் நின்றது. காற்று செட்டுக்குள் இரைந்தது. பிறகு சாச்சியின் குரல்:

"மகன், இந்த மினாரா அப்பவும் இப்பிடியே இரிந்ததா?"

நான் பதில் சொல்வதற்காகப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மோதினாரைப் பார்த்தேன். அவர் தாடியைத் தடவினார்.

"இது புதுசு தம்பி. அரபு நாட்டு உதவியில பள்ளியப் பெருசாக் கட்டக்குள்ள எழுப்பினது. பழைய மினாரா கட்டையா அந்தப் பக்கம் நிண்டது. உடைச்சாச்சி. நான் அப்ப சின்னப் பிள்ளை. அந்தா, அந்த மூலையில. இல்ல, அதுக்கும் இஞ்சால."

அப்போதுதான் பார்த்தேன். பொத்தானிலிருந்து என் பெருவிரல் எடுபடவே இல்லை.

"மோதினார் சொன்னது முழுசாக் கேட்டிச்சி மகன்," என்றார் சாச்சி. "அந்த மூலையில இருந்து பாருங்க. நான் எங்க நிக்கணும்?"

புது மினாராவிலிருந்து பழைய மூலைக்குக் கோட்டை மனதால் தள்ளிப் பார்த்தேன். "வலக்கைப் பக்கம் சாச்சி." சிவப்புப் புள்ளி தாழம்பற்றையை விட்டு வெளியே வந்தது. "இன்னும் வலக்கை. நஸீரின் கோட்டை விடாம." ஐஸ் ஃபெக்டரிக் கோடு சரிவாகக் கடலை நோக்கிப் போகிற கோடு. அதை விடாமல் வலக்கைப் பக்கம் போனால் போகிற இடம் ஒன்றுதான். இருபத்தைந்து வருசத்தில் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று ஊரில் கேட்டால் எல்லோரும் கையை நீட்டி ஒவ்வொரு இடத்தைக் காட்டுவார்கள்.

"உம்மா, நில்லுங்க. தண்ணி," என்றான் நஸீர்.

"இன்னும் போகணுமா மகன்?"

"மோதினார், சரியா எந்த மூலை?" என்று கேட்டேன். அவர் ஒரு இடத்தைக் காட்டினார். கையைச் சற்று நகர்த்தி இன்னொரு இடத்தைக் காட்டினார். இரண்டுக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டில் போகும். அந்த இடைவெளி கரைக்குப் போய்ச் சேரும்போது ஒரு முழுக் கரையாகிவிடும். ஒரு முனை லொட்ஜ் வேலி. மறு முனை கடல்.

சாச்சி முழங்கால் தண்ணீரில் நின்றார். குடையை மடக்கிவிட்டிருந்தார். செட்டை மட்டும் நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தார்.

"எனக்குத் தெரியல்ல சாச்சி," என்றேன். வேறு என்ன சொல்வது?

"சரி மகன். இறங்கி வாங்க."

பள்ளி முற்றத்தில் மோதினார் தேத்தண்ணி கொடுத்தார். ஈரச் சீலையோடு சாச்சி வாசல்படியில் இருந்தார். மோதினார் மெதுவாகச் சொன்னார்: "ராத்தா, அல்லாஹ் நிய்யத்தத்தான், மனசத்தான் பாக்கிறது. அந்தத் தாழையடியில ஒரு கல்ல நடுங்க. துஆ செய்ங்க. இதுக்கு மேல மனிசரால என்ன ஏலும்?"

"ஓம் உம்மா," என்றான் நஸீர். "நான் கல்லு வெட்டித் தாறன். பேரும் போட்டு."

"துஆ எங்க இருந்தும் செய்யலாம்," என்றார் சாச்சி. "கல்லு நட்டா, இதுதான் எண்டு சொல்ற மாதிரி. இது இல்லையே வாப்பா."

"இல்லையெண்டு ஆர் சொன்ன? இருந்தாலும் இருக்கலாம்."

"இருக்கலாம். அதுக்கு ஒரு கல்லு இரிக்கா?"

சாச்சி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்தார். அடுத்த வாரமே மன்னாருக்குப் போனார்கள்.

என் கம்பஸ் திறந்தது. சாச்சியின் செட் அங்கே ஒரு மூலையில் கிடக்கிறதாகவும், அவர் அதைத் தொடுவதேயில்லை என்றும் நஸீர் சொன்னான். காடு வெட்டுகிறோம், கிணறு இறைக்கிறோம் என்றெல்லாம் சொன்னான். உம்மா கதைப்பது குறைவு என்றான்.

அடுத்த லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது தாழையடியில் கல் நின்றது. வெள்ளைக் கல், கறுப்பு எழுத்தில் பிள்ளையின் பெயர். நஸீர் யாருக்கும் சொல்லாமல் வந்து நட்டுவிட்டுப் போயிருந்தான். லொட்ஜில் வேலை செய்கிற யாரோ அதைச் சுற்றிச் சங்கும் சிப்பியும் அடுக்கியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வழியால் போன ஒரு வயசாளி நின்று, கையேந்தி, சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது. நஸீரின் நம்பர், சாச்சியின் குரல்.

"மகன், அந்த இடம் கிடைச்சிட்டதாம், மோதினார் அடையாளம் கண்டு கல்லு நட்டுட்டாங்களாம் எண்டு இவன் சொல்றான். நீங்க ஊருலதானே. பாத்தீங்களா?"

முற்றத்தில் என் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பூனைகள் சுற்றி நின்றன. நான் எழும்பி வேலிப் பக்கம் போனேன்.

"கல்லு நிக்கிது சாச்சி."

"எந்த இடத்துல?"

"தாழையடியில. அண்டைக்கு முதல்ல பாத்த இடம்."

வெட்டுப்பட்டுவிட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன்.

"கல்லக் கழட்டிருங்க மகன்."

"சாச்சி, நஸீர் கோவிப்பான்."

"அவன நான் பாத்துக்கிறன். அங்க ஆளில்ல மகன். ஆராவது சலாம் சொல்லிடுவாங்க."

சொல்லிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அதுதான் அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது. அடுத்த மாரிக்குள் அவர் மவுத்தாகி, முசலியிலேயே அடக்கிவிட்டார்கள். ஜனாஸாவுக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. நஸீர் அதற்குமுன்பே என்னோடு கதைப்பதை விட்டிருந்தான்.

ஃபோன் வந்த அன்று பின்னேரமே கல்லைக் கிளப்ப ஒரு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. மணலில் இரண்டு கையாலும் ஆட்டினேன், வந்துவிட்டது. சிப்பிகளைப் பிரித்து எறிந்தேன். குழிக்குள் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஏறி, ஓரத்து மணல் சரிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே தட்டையாகிவிட்டது.

கல்லைக் கடலில் போட முடியாது, அதில் பெயர் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, உம்மா விடமாட்டார். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மோதினார் கபுறுகள் இருக்கிற மையவாடியின் ஒரு மூலையில், உடைந்த பலகைகளும் மண்வெட்டிப் பிடிகளும் கிடக்கிற மதிலோரமாக என்னைக் கூட்டிப்போனார். கல்லை வாங்கிப் பெயரை வாய்விட்டு வாசித்தார்.

"பேரை எந்தப் பக்கம் பாக்க வைக்கிற தம்பி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் பெயர் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டு, பாங்கு சொல்லப் போனார்.